காலிக் குப்பி

தூத்துக்குடி,
9.6.1976, புதன்கிழமை.

அன்புத் தங்கச்சி ஜெபகனிக்கும், உன் வீட்டுக்காரருக்கும், மகன் ஏசுவடியானுக்கும் சண்முகத்தாய் அக்கா எழுதிக்கொள்வது. உன் ஆண்டவரையும் எங்கள் அம்மனையும் ஒன்றாகக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதம் கொச்சிக்கு வந்து சேரும்போது உன் பிள்ளை கண்ணைத் திறந்து ஏதாவது சேட்டை செய்துகொண்டிருக்க வேண்டும். வேறு எதுவும் நான் இப்போது வேண்டிக்கொள்ளவில்லை.

மேற்கொண்டு வாசிப்பதற்கு முன்னால் எழுந்துபோய் ஒரு காரியம் செய்துவிட்டு வா. சித்திரையிலும் வைகாசியிலும் லாரி டிரைவர் வெள்ளத்துரை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தானே, அந்த இன்சுலின் குப்பிகளில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் சாக்கடையில் கொட்டிவிடு. அது கெட்டுப்போன மருந்து. ஆனால் பிள்ளைக்கு ஊசியை நிறுத்திவிடாதே. ஊசி வேண்டும், அந்த மருந்துதான் வேண்டாம். இந்தக் கடிதத்தோடு வெள்ளத்துரையே ஒரு புதுக் குப்பி கொண்டுவருவான். அதையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போ. இரண்டு யூனிட் கூட்டிப் போடு என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா, அதை மறந்துவிடு. நல்ல மருந்தில் எவ்வளவு போடுவது என்று டாக்டர் சொல்லட்டும்.

நேற்று உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன். ஊசி போடாதே என்று தந்தி வந்தால் நீ ஊசியையே நிறுத்திவிடுவாய் என்று பயம். அதைத் தந்தி ஆபீஸ் குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் இங்கிலீஷில் ஏதோ எழுதி எனக்கு வாசித்தும் காட்டினார். எனக்கு என்ன விளங்கும்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். விளங்காத இடத்திலெல்லாம் தலையாட்டித்தான் இந்தக் கதிக்கு வந்து நிற்கிறேன். அதனால்தான் இன்லண்டு போதாது என்று கவர் வாங்கி, விளக்கமாக எழுதுகிறேன்.

கவரைப் பிரித்ததுமே எழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். இது என் எழுத்து. எட்டாம் வகுப்போடு நின்றவள், வரி மேலேயும் கீழேயும்தான் போகும். இத்தனை நாள் நான் சொல்லச் சொல்ல என் மகள் பேச்சிதான் எழுதினாள். கடைசியில் நான் பார்க்காத நேரம் உன் மகனுக்கென்று ஒரு வரி சேர்த்துவிடுவாள். ஏலே ஏசு, கிறிஸ்மஸ் கேக்கக் கண்ணால பாத்ததோட நிறுத்திக்கிட்டியா, இல்ல அம்மா அங்கிட்டுத் திரும்புனதும் தின்னுட்டியாலே என்று. இந்தக் கடிதத்தில் அந்த வரி இருக்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் ஏன் அந்த மருந்தைக் கொட்டச் சொல்கிறேன் என்று உனக்கு நம்பிக்கை வரும்.

நாம் இரண்டு பேரும் முதலில் பார்த்துக்கொண்டது தருமாஸ்பத்திரி வரிசையில். சர்க்கரை வியாதி உள்ள பிள்ளைகளுக்கென்று மொத்தமே முப்பது கார்டு. அதில் ஒன்று என் மகளுக்கு, ஒன்று உன் மகனுக்கு. கடையில் கேட்கும் விலையில் கால்வாசிக்கு இன்சுலின் கிடைக்கிறது என்றதும் நாம் அந்த டாக்டரம்மா காலில் விழாத குறை. முதல் நாள் நீ சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாய். யக்கா, எனக்கு மீனறுக்கத்தான் தெரியும், பெத்த பிள்ளையக் குத்தத் தெரியாதுக்கா, நீங்களே போட்டுருங்க என்று அழுதாய். நான் உன் மகனுக்குப் போட்டேன். என் மகளுக்கு நீ போட்டாய். அடுத்தவள் பிள்ளை என்றால் கை நடுங்காது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டோம். ஒரு வருஷம் அப்படியே காலையில் நீ என் வீட்டுக்கு வந்தாய், மாறி மாறிப் போட்டோம்.

அங்கே உள்ள சட்டதிட்டம் உனக்கு மறந்திருக்காது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மருந்து. பழைய காலிக் குப்பியைக் கொடுத்தால்தான் புதுக் குப்பி. அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி வெறும் குப்பியாகத்தான் தருவார்கள். பெட்டியோடு தந்தால் நாம் வெளியில் விற்றுவிடுவோமாம். குளிர்ச்சியா வைங்கம்மா, சூடு பட்டாக் கெட்டுப்போகும் என்று கம்பவுண்டர் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒவ்வொரு மாதமும் ஒரே ராகத்தில் சொல்வார். நான் எங்கள் ஆழ்வார்திருநகரி ஆற்று மணலை ஒரு மண்பானையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதற்குள் குப்பியைப் புதைத்து வைத்தேன். என்னைப் பார்த்து நீயும் வைத்தாய். அந்த ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுச் சூடு காட்டினால் நீலமாகவே நிற்கும், மிஞ்சினால் பச்சை. பேச்சிக்குக் கன்னம் உப்பியது. பள்ளிக்கூடத்தில் கபடிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பானையைப் பிறகு இந்தக் கையாலேயே தூக்கி எறிந்தேனே என்று நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கார்த்திகையில் உன் வீட்டுக்காரருக்கு லாஞ்சுப் படகில் டிரைவர் வேலை கிடைத்து நீங்கள் கொச்சிக்குப் போனீர்கள். அங்கே கடை விலைக்கு வாங்க உங்களால் ஆகாது. கார்டையும் நோட்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போ, மாதாமாதம் நான் வாங்கி அனுப்புகிறேன் என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர், உன் அண்ணாச்சி, ஐஸ் கம்பெனியில் இருக்கிறார், இங்கிருந்து கொச்சிக்கு இறால் ஏற்றிப் போகும் வெள்ளத்துரை அவருக்குக் கூட்டாளி, பிறகென்ன கவலை என்று பெருமையாகப் பேசினேன். பங்குனிவரை நொறுக்கிய ஐஸில் வைத்து அனுப்பினோம், சரியாகத்தான் வந்து சேர்ந்தது.

சித்திரை வெயில் தொடங்கியதும் வெள்ளத்துரை வந்து, அண்ணே, செங்கோட்டை தாண்டுறதுக்குள்ள ஐஸ் பூராவும் தண்ணியாப் போகுது, மருந்து மெதக்குது என்றான். உன் அண்ணாச்சி யோசித்தார். கம்பெனியில் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் ஐஸ் உறைய வைக்கிறார்கள். உப்பு இருந்தால்தான் அந்தக் குளிர் வரும் என்று அவருக்குத் தெரியும். நம் ஊரில் உப்புக்கா பஞ்சம்? உப்பளத்தில் ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தார். ஐஸை நொறுக்கி, உப்பைப் போட்டுக் கலந்து, நடுவில் குப்பியை வைத்து, சுற்றிலும் மரத்தூள் திணித்து, மேலே சாக்கு போட்டுக் கட்டினார். திரும்பி வந்த வெள்ளத்துரை, குப்பி கல்லு மாதிரில்லாண்ணே இருந்துச்சு, தொட முடியல, ஜெபகனி அக்கா முந்தானையில பிடிச்சில்லா வாங்குனாவ என்றான். நாங்கள் மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம் தங்கச்சி. அன்றைக்குப் பாயசம் வைக்காதது ஒன்றுதான் குறை.

அதோடு விட்டாரா? ஊரான் பிள்ளைக்கு ஐஸ், என் பிள்ளைக்கு மண்பானையா என்று வீட்டிலும் ஒரு பெட்டி செய்தார். தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டி ஐஸ் தோளில் வரும். உப்புப் போட்டு மூடுவார். மண்பானை வாசலுக்குப் போயிற்று. காலையில் குப்பியை எடுத்தால் உள்ளே உறைந்திருக்கும். கையில் வைத்து உருட்டி, இளக வைத்து, ஊசியில் ஏற்றுவேன். முன்பெல்லாம் கஞ்சித் தெளிவு போல ஒரே சீராக வெளுத்திருக்கும் மருந்து, இப்போது பால் திரிந்த மாதிரி பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. பேச்சிதான் முதலில் பார்த்தாள். ஏம்மா இது திரிஞ்சி கெடக்கு, ஆவுடையப்பன் மாமாட்டக் காட்டுவமா என்று கேட்டாள். நன்றாகக் குலுக்கு என்று சொன்னேன். குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினால், நாம்தான் ஒழுங்காக வைக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டோம் என்று கார்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். என் பயம் அவ்வளவும் கார்டு மேலேதான் இருந்தது, பிள்ளை மேல் இல்லை.

அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. தை மாதம் மெட்ராஸிலிருந்து தருமாஸ்பத்திரிக் கமிட்டி வந்தது. நீ ஊரில் இல்லை, உனக்கு நான் முழுதாக எழுதவும் இல்லை. பன்னிரண்டு பேர் கார்டுக்குக் காத்திருக்கிறார்கள், மருந்து போட்டும் குணம் தெரியாதவர்களின் கார்டை எடுத்து அவர்களுக்குக் கொடுப்போம் என்றார்கள். குணம் என்றால் என்ன? நாம் வீட்டில் எழுதிவரும் நோட்டில் உள்ள நிறம்தான். நீலமும் பச்சையும் நல்லது. மஞ்சள் சுமார். செங்கல் நிறம் வந்தால் தாய் சரியில்லை, பிள்ளைக்குக் கண்டதைக் கொடுக்கிறாள் என்று அர்த்தம்.

சித்திரை பாதியிலிருந்து எங்கள் வீட்டுக் கண்ணாடிக் குழாயில் செங்கல்தான். நோட்டு எழுதுவது பேச்சி. செங்கலால்ல இருக்கு, என்ன எழுதம்மா என்று கேட்டாள். பச்சை என்று எழுது என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுதினாள். மறுநாள் கேட்கவில்லை, தானாகவே பச்சை என்று எழுதிவிட்டாள். உன் மகனுக்கும் அதே கதிதான். நீ கடிதத்தில் செங்கல், செங்கல் என்று உள்ளதை எழுதி அனுப்பினாய். நான் அவன் நோட்டில் பச்சை, நீலம், பச்சை என்று மாற்றி மாற்றி எழுத வைத்தேன். உண்மையான நிறத்தைக் காட்டியிருந்தால் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டிருப்பார். ஏன் திடீரென்று இரண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஏறுகிறது, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வியை வரவிடாமல் நான்தான் அடைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் எனக்கு மூச்சு விட முடியாது. நிறம் இறங்காததைப் பார்த்து, அவள் திருடித் தின்கிறாள் என்று நினைத்தேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கருப்பட்டியில் ஒரு மூலை உடைந்திருந்தது. எலி கடித்ததோ என்னவோ. ஏளா, கருப்பட்டியத் திருடித் தின்னுட்டு எங்கண்ணுல மண்ணத் தூவுதியா என்று இரண்டு அறை அறைந்தேன். நான் திங்கலம்மா, சத்தியமா திங்கலம்மா என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு என் எதிரில் அவள் சோறு கேட்கவே கூச்சப்பட்டாள்.

வைகாசியில் உன் கடிதம் வந்தது. மகனுக்கு ஓயாத தாகம், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகிறான், சாப்பிட்டும் மெலிகிறான், பள்ளிக்கூடத்தில் தூங்கிவிடுகிறானாம் என்று எழுதியிருந்தாய். கொச்சித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு யூனிட் கூட்டு, சோற்றைக் குறை என்று நான் பெரிய டாக்டர் மாதிரி பதில் சொல்லிக்கொண்டே போனேன். பேச்சி எழுதினாள். அந்த ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அவள் மூன்று முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். உன் மகன் தாகத்துக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு எதிரில் இருந்த தாகம் கண்ணுக்குப் படவில்லை. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடாதே. அவள் எழுத்தில் இருக்கிற கடைசிக் கடிதம் அதுதான்.

போன புதன்கிழமை காலையில் வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். பத்து மணிக்கெல்லாம் மூச்சு மேலும் கீழும் இழுத்தது, வாயில் அழுகின பழ வாசம் வந்தது. ஜெபகனி, இதைக் கவனமாக வாசி. உன் மகன் வாயில் அந்த வாசம் வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதே. நாங்கள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்து மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம்தான் ஒற்றை மாட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது சின்ன வயது டாக்டர். நல்ல பையன். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றவில்லை, உப்புத் தண்ணீர் பாட்டில்தான் ஏற்றினார், அவர்கள் மருந்திலிருந்து மணிக்கு மணி ஊசி போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் குழாயில் நிறம் மாறிற்று. செங்கல் போய் மஞ்சள், பிறகு பச்சை. நாற்பது நாளாக நாங்கள் நோட்டில் பொய்யாக எழுதிய பச்சையைக் கண்ணால் பார்த்தேன். பிழைத்துக்கொள்வாள் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிச் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. மூளைக்கு ஏறிவிட்டது, அவளாக விழித்தால்தான் உண்டு என்றார். வீட்டில் போட்ட மருந்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

உன் அண்ணாச்சி ஓட்டமாக ஓடி, குப்பியை மட்டும் கொண்டுவரவில்லை, ஐஸ் பெட்டியையே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது. எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறோம் என்று டாக்டருக்குக் காட்ட வேண்டாமா? திறந்து காட்டி, உப்புப் போட்டிருக்கேன் சார், ஒரு நாளும் குளிரு கொறய விட்டதில்ல, கல்லு மாதிரி இருக்கும் என்றார். டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குலுக்கியும் பார்த்தார். பிறகு, உறையவே விடக் கூடாதுங்க, உறைஞ்சா இந்த மருந்து செத்துப்போகும், அதுக்கப்புறம் போட்டது பெரும்பாலும் தண்ணிதான் என்றார். அட்டைப் பெட்டிக்குள் வரும் காகிதத்தில் அச்சடித்தே இருக்கிறதாம், இங்கிலீஷில். அந்தப் பெட்டியைத்தான் நாங்கள் விற்றுவிடாமல் இருக்கக் கிழித்துப் போட்டுவிடுகிறார்களே. குளிர்ச்சியாக வை என்று சொன்னவர்கள் எவ்வளவு குளிர்ச்சி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பேச்சி போய்விட்டாள். பதினாலு வயது முடிய ஆவணிவரை இருந்தது. அவள் விழிக்கவே இல்லை. கருப்பட்டிக்காக அடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதும் அவள் காதில் விழுந்திருக்காது.

உன் அண்ணாச்சி அழவில்லை. அழுதுவிட்டால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பைத் தொட மாட்டேன் என்கிறார். உப்பில்லாத சோற்றை உப்பில்லாத ரசத்தில் பிசைந்து இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார். கம்பெனிக்குப் போகவில்லை. எம்பிள்ளைய நான்தாம்ளா கொன்னேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் மட்டுமா? நோட்டில் எழுத வைத்தவள் நான் அல்லவா?

இப்போது உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வந்துவிட்டது. வியாழக்கிழமையே மருந்து செத்துப்போனது என்று எனக்குத் தெரியும். அதே ஐஸ், அதே உப்பில்தான் உன் மகன் மருந்தும் வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாலு நாள் உன் பிள்ளை ஞாபகம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. என் மகள் என் மகள் என்று தரையில் கிடந்தேன். நேற்றுக் காலை வெள்ளத்துரை ஒன்றும் தெரியாமல் காலிப் பெட்டியோடு வந்து, யக்கா, இந்த மாசத்துக் குப்பி வாங்கியாச்சா, உப்பு நான் கொண்டாந்திருக்கேன் என்றான். அவன் கையில் உப்புப் பொட்டலத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உன் பிள்ளை ஞாபகம் வந்தது. தலையைக்கூட முடியாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அந்த நாலு நாளில் உன் வீட்டில் என்ன நடந்ததோ, அது என் தலையில்தான் விழும்.

இன்று காலை இரண்டு கார்டையும், இரண்டு நோட்டையும், பேச்சியின் காலிக் குப்பியையும் எடுத்துக்கொண்டு தருமாஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். டாக்டரம்மா மெட்ராஸ் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவாராம். ஆவுடையப்பன் அண்ணாச்சி மட்டும் இருந்தார். கமிட்டியிலிருந்து புதுப் பட்டியல் வந்திருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஆறு மாதமாக நேரில் வரவில்லை என்று ஏசுவடியான் பெயரில் சிவப்பு மசியால் கோடு போட்டிருந்தார்கள். பேச்சி பெயருக்கு நேரே, நல்ல முன்னேற்றம், இன்னும் ஒரு வருஷம் தரலாம் என்று எழுதியிருந்ததாம். சொல்லிவிட்டு, பிள்ள எங்க தாயி, வெளிய நிக்காளா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நான் சொன்னேன். நோட்டில் எழுதிய பொய்யையும் சொன்னேன். அந்த மனிதர் கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். வருஷக்கணக்கில் நானே பெட்டியைக் கிழித்திருக்கிறேனே, அந்தக் காகிதத்தை ஒரு தடவை வாசித்துச் சொல்லியிருந்தால் என்ன என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய், இந்த மாதத்துக்கென்று பெயர்ச் சீட்டு ஒட்டித் தயாராக இருந்த பேச்சியின் குப்பியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். நான் பேச்சி பேருல கோடு போடல தாயி, அந்தப் பயலுக்குப் போட்டு விடுங்க, டாக்டரம்மா கண்டுபிடிச்சிக் கேட்டா அப்பப் பாத்துக்கிடலாம் என்றார். தெரிந்தால் அவர் வேலை போய்விடும். இதை உன் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதே.

அந்தக் குப்பிதான் இப்போது உன்னிடம் வருகிறது. ஐஸ் இல்லை. பேச்சியின் தாவணியைக் கிழித்து, நனைத்து, குப்பியைச் சுற்றி, ஈர மணல் போட்ட சட்டியில் வைத்திருக்கிறேன். வழியில் துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளத்துரை, இறாலுக்குப் பக்கத்துல வைக்க மாட்டேங்கா, எம் மடியிலேயே வச்சிக் கொண்டு போவேன் என்றான். நீயும் பழையபடி மணல்பானையிலேயே வை. ஐஸ் பக்கம் கொண்டுபோகாதே. தாவணித் துணியை உன் பிள்ளைக்கு எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

இரண்டு காரியம் உன்னிடம் கேட்கிறேன். குழாயில் வரும் நிறத்தை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பு. செங்கல் என்றால் செங்கல். அதை நான் பேச்சியின் நோட்டில் என் கையால் அப்படியே எழுதுவேன். கார்டு போனால் போகட்டும், இனி ஒரு பச்சைகூடப் பொய்யாக எழுத மாட்டேன். பெயர் மட்டும்தான் அவளுடையதாக இருக்கும். அந்த ஒரு பொய்யை அம்மன் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டில் உன் மகன் நன்றாக இருக்கும்வரை என் மகள் பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மணி நாலாகிவிட்டது, ஐந்துக்கு லாரி கிளம்புகிறது. ஏசுவடியான் தலையை என் கையாக நினைத்து ஒருமுறை தடவிக் கொடு. அவன் வளர்ந்து, அப்பா மாதிரி லாஞ்சு ஓட்டி, பேரன் பேத்தி எடுக்கட்டும். என்னை நீ திட்டு, சபித்துக்கூட எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன். எழுத மனம் வரவில்லை என்றால் எழுதவே வேண்டாம்.

இரண்டாவது காரியம் இதுதான். மருந்து தீர்ந்ததும் குப்பியைக் கழுவாமல், பெயர்ச் சீட்டைக் கிழிக்காமல் வெள்ளத்துரையிடம் கொடுத்தனுப்பு. அதைக் கொடுத்தால்தான் அடுத்தது வாங்க முடியும். அது மட்டுமில்லை. பேச்சி பெயர் ஒட்டிய காலிக் குப்பி என் கைக்கு வந்தால், உன் பிள்ளை கடைசிச் சொட்டுவரை போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன். மருந்தோடு அதைத் திருப்பி அனுப்பிவிடாதே தங்கச்சி. நிறைகுப்பியை வாங்க எனக்குக் கை இல்லை.

உன் பிள்ளைக்கு ஊசி போட்ட
சண்முகத்தாய் அக்கா